ஆறு சகோதரர்கள் வளைவு

இந்த முறை கொஞ்சம் தூரமாகப் போகிறோம். பிரான்சின் வடக்கே நோர்மாந்தி, அதில் சேன் ஆற்றங்கரையில் ருவான் என்ற பழைய நகரம். ழான் தார்க் என்ற வீரப்பெண்ணை 1431இல் உயிரோடு எரித்த ஊர் என்று எங்கள் பிரெஞ்சுப் பள்ளியில் மனப்பாடம் செய்திருக்கிறோம். அந்த ஊருக்குத் தெற்கே, காட்டுக்குள், ஒரு மோட்டார் பந்தயப் பாதை இருந்தது. பெயர் ருவான் லேசெஸ்ஸார். 1950இல் தொடங்கினார்கள், 1994இல் மூடினார்கள், 1999இல் இடித்துத் தள்ளிவிட்டார்கள். நான் அங்கே இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை எல்லாம் இருந்தது. இரண்டாம் முறை ஒன்றும் இல்லை.

புதுச்சேரியில் கோப்பு புரட்டிக்கொண்டிருந்த ஒரு குமாஸ்தாவுக்கும் அந்தப் பாதைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் என் அண்ணன்.

1954 நவம்பர் 1ஆம் தேதி பிரெஞ்சு நிர்வாகம் புதுவையை இந்தியாவிடம் ஒப்படைத்தது. ஆனால் சட்டப்படியான ஒப்படைப்பு 1962 ஆகஸ்ட் 16ஆம் தேதிதான் நடந்தது. அன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் விரும்பியவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமை கேட்டு எழுதிக் கொடுக்கலாம் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. எழுதிக் கொடுக்காதவர்கள் இந்தியர்கள். எங்கள் அப்பா பழைய பிரெஞ்சு அலுவலகத்தில் எழுத்தர். அவர் எழுதிக் கொடுக்கவில்லை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாகச் சேர்ந்திருந்த அண்ணன் எழுதிக் கொடுத்தார். அவருக்கு அப்போது 22 வயது, எனக்கு 12. அப்பா அதன் பிறகு அண்ணன் பெயரைச் சொல்வதை நிறுத்திவிட்டார். புதுவையில் இப்படிப் பல வீடுகள் உண்டு, பழையவர்களுக்குத் தெரியும்.

பட்டாளத்திலிருந்து விடுபட்டதும் அண்ணன் ருவானுக்குத் தெற்கே கிளெயோன் என்ற ஊரில் ரெனோ கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். 1958இல் திறந்த ஆலை அது. காருக்கு கியர்பாக்ஸும் எஞ்சினும் செய்வார்கள். ஆலைப் பக்கத்திலிருந்து ஆற்றைத் தாண்டி மேடேறினால் பந்தயக் காடு வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலைத் தோழர்கள் அண்ணனையும் கூட்டிக்கொண்டு போனார்கள். அப்படிப் பிடித்த பைத்தியம் கடைசி வரை விடவில்லை.

மாதம் ஒரு கடிதம் வரும். தமிழில் எழுதுவார், கார்ப் பெயர்களை மட்டும் பிரெஞ்சில். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அடுப்படியில் உட்கார்ந்து நான்தான் சத்தமாகப் படிக்க வேண்டும். அப்பா திண்ணையில் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் படிக்கும்போது பேப்பர் பக்கம் திருப்புகிற சத்தம் கேட்காது. அண்ணனுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். குடியுரிமை, சம்பளம், ஊர் திரும்புவது, கல்யாணம், இதில் எதை எழுதினாலும் வீட்டில் வருத்தம் வரும். ரேஸைப் பற்றி எழுதினால் யாருக்கும் வருத்தமில்லை. அதனால் பக்கம் பக்கமாக ரேஸ்.

அந்தக் கடிதங்கள் வழியாகத்தான் இந்தப் பாதையை நான் முதலில் தெரிந்துகொண்டேன். அதைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

பந்தயத்துக்கென்றே கட்டிய பாதை இல்லை அது. ஊர் மக்கள் தினமும் போய்வரும் பொதுச்சாலைகள். பந்தய நாளில் போக்குவரத்தை நிறுத்திவிட்டு அதிலேயே காரை ஓட்டுவார்கள். திங்கட்கிழமை காலை அதே சாலையில் பால் வண்டி போகும். நம் ஊர்த் தேர் வீதிகளை நினைத்துக்கொண்டால் புரியும். வில்லியனூரில் ஆண்டுக்கொரு நாள் தேர் ஓடும், மற்ற நாளில் அது காய்கறி வாங்கப் போகிற தெரு.

லேசெஸ்ஸார் என்பது பக்கத்துக் கிராமத்தின் பெயர். மரங்களை வெட்டித் திருத்திய நிலம் என்று பிரெஞ்சில் பொருள். நம்மூரில் காடுவெட்டி என்று ஊர்ப்பெயர் இருப்பதைப் போல. 1950இல் பாதையின் நீளம் 5.1 கிலோமீட்டர். 1955இல் அதை 6.542 கிலோமீட்டராக நீட்டினார்கள். பார்வையாளர் மாடங்களையும், காரை நிறுத்தி டயர் மாற்றும் பிட் கொட்டகைகளையும் கான்கிரீட்டில் கட்டினார்கள். அந்தக் காலத்தில் ஐரோப்பாவின் நல்ல பாதைகளில் ஒன்று என்று பெயர் வாங்கியது.

மாடத்துக்கு முன்னால் புறப்பட்டதும் பாதை இறங்க ஆரம்பிக்கும். இறக்கத்திலேயே வலமும் இடமுமாக வேகமான வளைவுகள். பிரேக்கைத் தொடப் பயந்தவனும் தோற்பான், தொடாதவனும் தோற்பான் என்று அண்ணன் எழுதுவார். அந்த வளைவுகளில் ஒன்றுக்கு சீ ஃப்ரேர் என்று பெயர். ஆறு சகோதரர்கள் என்று அர்த்தம். இறக்கத்தின் அடியில் நுவோ மோந்து, அதாவது புது உலகம் என்ற கொண்டை ஊசி வளைவு. அங்கே தார் கிடையாது, கருங்கல் பதித்த தரை. பெருவேகத்தில் வந்த கார்கள் அங்கே மாட்டு வண்டி வேகத்துக்குக் குறைந்து, திரும்பி, மறுபடி காட்டுக்குள் மேடேறும். மேலே ஒரு நீண்ட நேர்ச்சாலை, பிறகு சொர்க்கம் என்று பெயர் வைத்த ஒரு வளைவு, மறுபடி மாடம். புது உலகத்தில் தொடங்கி சொர்க்கத்தில் முடிகிறதே என்று அம்மா சிரித்தார்.

பிரெஞ்சு கிராண்ட் ப்ரீ பந்தயம் இங்கே ஐந்து முறை நடந்தது. 1952இல் இத்தாலியரான ஆல்பெர்ட்டோ அஸ்காரி ஃபெராரியில் ஜெயித்தார். 1957இல் அர்ஜென்டினாவின் ஃபாஞ்சியோ, மசெராட்டியில். அப்போது அவருக்கு 46 வயது. அந்த இறக்கத்தில் நான்கு சக்கரமும் பக்கவாட்டில் வழுக்க, கையை மட்டும் லேசாகத் திருப்பி அவர் காரைக் கொண்டுபோகும் படங்களை இன்றைக்கும் பார்க்கலாம். 1962இல் அமெரிக்கரான டான் கர்னி போர்ஷே காரில் வென்றார். போர்ஷே தன் சொந்தக் காரால் பெற்ற ஒரே ஃபார்முலா ஒன் கிராண்ட் ப்ரீ வெற்றி அதுதான். இன்று உலகம் முழுக்கப் பெயர் தெரிந்த கம்பெனி, அதற்கும் இந்த ஒரு காட்டில்தான் வாய்த்தது. 1964இல் மறுபடி கர்னி, பிராபாம் காரில். பிராபாம் அணிக்கு அது முதல் வெற்றி.

ஐந்தாவது 1968 ஜூலை 7.

அந்த வருஷம் பிரான்சே கொந்தளித்துக் கிடந்தது. மே மாதத்தில் தொழிலாளர்கள் முதலில் கைப்பற்றி உட்கார்ந்த ஆலைகளில் கிளெயோனும் ஒன்று, மே 15ஆம் தேதி. ஜூனில்தான் வேலைக்குத் திரும்பினார்கள். ஒரு மாதச் சம்பளம் போயும் அண்ணன் ரேஸுக்கு டிக்கெட் வாங்கிவிட்டார்.

அந்தக் கடிதம் வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எனக்கு 18 வயது. வழக்கமாக நான்கு பக்கம் எழுதுகிறவர் அன்று அரைப் பக்கம்தான் எழுதியிருந்தார். “ஞாயிற்றுக்கிழமை ரேஸுக்குப் போனேன். மழை. நான் நலம். அங்கே அனைவர் நலம் அறிய ஆவல்.” அவ்வளவுதான். அம்மா, “என்னடா, இவ்வளவுதானா?” என்றார். நான் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

அப்போது திண்ணையிலிருந்து குரல் வந்தது. “யார் ஜெயிச்சதாம்?”

ஆறு வருஷத்தில் அண்ணனைப் பற்றி அப்பா கேட்ட முதல் கேள்வி. அம்மா கையிலிருந்த கரண்டியை அப்படியே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். எனக்கு யார் ஜெயித்தது என்று தெரியாது. “எழுதலைப்பா” என்றேன். பேப்பர் பக்கம் திரும்பும் சத்தம் கேட்டது.

சில வாரங்கள் கழித்து அலியான்ஸ் பிரான்சேஸ் நூலகத்தில் ஒரு பழைய பிரெஞ்சு வாரப் பத்திரிகையில் செய்தியைப் பார்த்தேன். ஜெயித்தவர் பெல்ஜியத்தின் ஜாக்கி இக்ஸ், வயது 23, அவருக்கு அது முதல் வெற்றி. மழை டயர் போட்டுக்கொண்டு துணிந்து புறப்பட்டதன் பலன். ஆனால் பத்திரிகையில் பெரிய படம் அவருடையது இல்லை. எரிகிற கார் ஒன்றின் படம்.

ஹோண்டா கம்பெனி அந்த வருஷம் காற்றால் குளிரும் எஞ்சின் வைத்த புதுக் கார் ஒன்றைச் செய்திருந்தது. அதன் உடல் கூட்டில் மக்னீசியம். அணியின் ஓட்டுநரான ஜான் சர்டீஸ் அதை ஓட்டிப் பார்த்துவிட்டு, இது பந்தயத்துக்குத் தயாரில்லை என்று மறுத்துவிட்டார். ஆனாலும் கம்பெனியின் பிரெஞ்சுக் கிளை அதைக் களத்தில் இறக்கியது. ஓட்டியவர் ஜோ ஷ்லேஸர் என்ற பிரெஞ்சுக்காரர், மடகாஸ்கரில் வளர்ந்தவர், வயது 40. மூன்றாவது சுற்றில், ஆறு சகோதரர்கள் வளைவில், கார் தடம் மாறி மேட்டில் மோதித் தீப்பிடித்தது. டாங்க் நிறையப் பெட்ரோல். மக்னீசியம் பற்றிக்கொண்டால் தண்ணீருக்கு அடங்காது. அவர் பிழைக்கவில்லை. பந்தயத்தை நிறுத்தவும் இல்லை. சர்டீஸ் தன் பழைய ஹோண்டாவில் இரண்டாவதாக வந்தார். அந்த வருஷ முடிவில் ஹோண்டா களத்தைவிட்டே விலகியது. ஷ்லேஸரின் நண்பர் கீ லிஜியே பின்னாளில் தானே கார் செய்தபோது, ஒவ்வொன்றுக்கும் நண்பரின் பெயரின் முதல் எழுத்துகளான ஜே எஸ் என்று வைத்து எண் கொடுத்தார். லிஜியே அணி ஃபார்முலா ஒன்னில் 1976 முதல் 1996 வரை ஓடியது, அந்த எழுத்துகளும் கூடவே ஓடின.

நான் அண்ணனுக்கு எழுதிக் கேட்டேன். நீங்கள் எங்கே நின்றிருந்தீர்கள், பார்த்தீர்களா என்று. பதில் கடிதம் வந்தது. அதில் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. அதற்குப் பிறகு ரேஸைப் பற்றி எழுதுவதும் குறைந்தது. நானும் பெரியவனாகி, அரசு வேலையில் எல்.டி.சி.யாகச் சேர்ந்து, பிரெஞ்சு தெரியும் என்பதால் பழைய பிறப்பு இறப்புப் பதிவேடுகளோடு முப்பது வருஷத்துக்கு மேல் காலம் தள்ளினேன். அப்பா 1979இல் போய்ச் சேர்ந்தார். அண்ணன் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

நடுவில் ஒரு முறை நானும் ரேஸ் பார்த்தேன். 1977 பிப்ரவரியில் ஆபீஸ் நண்பர்கள் இருவரோடு சோழவரம் போனேன். இரண்டாம் உலகப் போரின்போது போட்டுவிட்டுக் கைவிட்ட விமான ஓடுதளம் அது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே வருஷா வருஷம் பந்தயம் நடத்தியது. மரமில்லை, மேடில்லை, கொதிக்கிற வெயில், புழுதி. தயிர் சாதப் பொட்டலத்தில் மண். ஆனாலும் சத்தம் கேட்டதும் உடம்பு சிலிர்த்தது. அண்ணனுக்கு ஆறு பக்கம் எழுதினேன். 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் புதுப் பாதை வந்தது, சோழவரமும் பழைய கதையாயிற்று.

1991இல் முதல் முறையாக பிரான்சு போனேன். அண்ணன் தன் ரெனோ 5 காரில் என்னை ஏற்றிக்கொண்டு அந்தப் பாதையை ஒரு சுற்று வந்தார். அப்போது அது சுருங்கியிருந்தது. 1970களின் தொடக்கத்தில் பெரிய நெடுஞ்சாலை ஒன்று காட்டைக் குறுக்கே வெட்டியதால், 5.543 கிலோமீட்டராகக் குறைத்திருந்தார்கள். பெரிய பந்தயங்கள் வேறு ஊர்களுக்குப் போய்விட்டன. ஆனால் மாடம் இருந்தது, பிட் கொட்டகை இருந்தது, சுவரில் வெளுத்துப்போன விளம்பரங்கள் இருந்தன. மாடத்தில் ஏறி உட்கார்ந்து அண்ணி கட்டிக்கொடுத்த ரொட்டியைத் தின்றோம். சின்ன வயதில் படித்துப் படித்து நான் மனதுக்குள் போட்டு வைத்திருந்த பாதை அப்படியே கண்ணெதிரே கிடந்தது. இறக்கத்தில் அண்ணன் ஒரு வார்த்தை பேசவில்லை. அடியில் போய், “இதுதான் நுவோ மோந்து” என்றார்.

1994இல் மூடிவிட்டார்கள். ஊர்ச் சாலையில் இந்தக் காலத்துப் பாதுகாப்பு விதிப்படி பந்தயம் நடத்த முடியாது, செலவும் கட்டுப்படியாகாது. அதில் நியாயம் இருக்கிறது. ஷ்லேஸரோடு முடியவில்லை. 1970இல் ஒரே பந்தயத்தில் இரண்டு பிரெஞ்சு இளைஞர்கள் போனார்கள். 1973இல் ஸ்காட்லாந்துக்காரரான ஜெரி பிரெல் அதே ஆறு சகோதரர்கள் இறக்கத்தில் இறந்தார். அதன் பிறகு அங்கே வேகத்தைக் குறைக்கக் குறுக்கு வளைவு அமைத்தார்கள். மூடியதை நான் குறை சொல்ல மாட்டேன்.

1999இல் மாடத்தையும் கொட்டகையையும் இரும்புத் தடுப்புகளையும் மொத்தமாக இடித்து அள்ளிக்கொண்டு போனார்களே, அதுதான் எனக்குப் புரியவில்லை. ரேன்ஸ் நகரத்துக்குப் பக்கத்திலும் இதேபோல் ஒரு பொதுச்சாலைப் பாதை இருந்தது. கிராண்ட் ப்ரீ கடைசியாக அங்கே 1966இல் ஓடியது. அங்கே மாடத்தை விட்டு வைத்தார்கள். இன்று ஆர்வலர்கள் சங்கம் வைத்து, வெள்ளையடித்து, பழைய விளம்பர எழுத்துகளைத் திரும்ப எழுதிப் பாதுகாக்கிறார்கள். கோதுமை வயலுக்கு நடுவே நின்று படம் எடுத்துக்கொள்ள எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். பதிவேட்டோடு வாழ்ந்தவன் நான். கிழிந்த பக்கத்தை ஒட்டி வைப்போம், தூக்கி எறிய மாட்டோம்.

2003இல் மறுபடி போனேன். அண்ணனுக்கு 63 வயது, ஓய்வு பெற்றிருந்தார், முழங்கால் வலி. மாடம் இருந்த இடத்தில் புல். இதுதான் இடம் என்று அவர் சொல்லாவிட்டால் கண்டுபிடித்திருக்க மாட்டேன். காரை ஓரமாக விட்டுவிட்டு இறக்கத்தில் மெதுவாக நடந்தோம். லாரி ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. பாதி இறக்கத்தில் அண்ணன் நின்று மேட்டைக் காட்டினார்.

“தம்பி, நீ ஒரு தடவை லெட்டர்ல கேட்டியே. இங்கதான் நின்னேன்.”

35 வருஷம் கழித்துப் பதில். ஆலைத் தோழர்களோடு எதிர்ப்பக்கத்து மேட்டில் மரத்தடியில் நின்றிருக்கிறார். புகை முதலில் வெள்ளையாக இருந்ததாம். வெப்பம் முகத்தில் அடித்ததாம், மழையிலும். கூட்டத்தில் யாரோ அழுதிருக்கிறார்கள். கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக அந்தத் தீயைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தன. “கடைசி வரைக்கும் நின்னேன்டா. கிளம்பிப் போயிருக்கலாம். காசு கொடுத்து வாங்கின டிக்கெட்டாச்சேன்னு நின்னேன். அதை எப்படி அம்மாவுக்கு எழுதறது? யார் ஜெயிச்சாங்கன்னு எழுதக் கை வரலை.”

நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். பிறகு, அந்தக் கடிதம் வந்த அன்று அப்பா திண்ணையிலிருந்து கேட்டதைச் சொன்னேன். அது அவருக்குத் தெரியாது. நான் எழுதியதே இல்லை. அம்மாவும் சொல்லவில்லை போலிருக்கிறது. ஏன் சொல்லவில்லை என்று இப்போது கேட்டால் என்னிடம் காரணம் இல்லை. பதினெட்டு வயதில் அது எழுதுகிற விஷயமாகத் தோன்றவில்லை.

“அப்பா கேட்டாரா?” என்றார்.

“கேட்டார் அண்ணே.”

“என்ன கேட்டார், சரியாச் சொல்லு.”

“யார் ஜெயிச்சதாம்னு.”

அண்ணன் சாலையோரப் புல்லில் உட்கார்ந்துவிட்டார். முழங்கால் வலியோடு கீழே உட்கார்ந்தால் எழுந்திருப்பது கஷ்டம் என்று தெரிந்தும் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, “இக்ஸ். ஜாக்கி இக்ஸ், ஃபெராரி” என்றார். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை. பிறகு கையை நீட்டினார், தூக்கிவிட்டேன். புது உலகம் வரை போகாமல் திரும்பிவிட்டோம்.

அண்ணன் 2011இல் காலமானார். ருவானிலிருந்து வந்த இறப்புச் சான்றிதழை வீட்டு வேலைகளுக்காக நானே தமிழில் மொழிபெயர்த்துக் கொடுத்தேன். அதில் பெயர், பிறந்த ஊர் பொந்திஷேரி, தொழில், தேதி, நேரம் எல்லாம் இருந்தது. அந்தப் பாதைக்குத்தான் அப்படி ஒரு சான்றிதழ் இல்லை. அதனால் எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

நம்மில் பலருக்குப் பிள்ளைகள் பாரீசில் இருக்கிறார்கள். போகிறவர்கள் ஒரு நாள் ஒதுக்குங்கள். பாரீசிலிருந்து காரில் ஒன்றரை, இரண்டு மணி நேரம்தான். ருவான் தாண்டி ஒரிவால் போகிற காட்டுச் சாலையில் இறங்குங்கள். பார்ப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை. ஆனால் இறக்கமும் வளைவும் அப்படியேதான் இருக்கின்றன. அவற்றை இடிக்க முடியவில்லை. மெதுவாகப் போங்கள்.